மறதிக் கஷாயம்



சென்ற இதழில் சீனத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வவுனியாவில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்கள் வாழ்க்கையில் இல்லாத சோகமா? வானத்தில் பறக்கிற சீனத்துத் தேவதைகள் அழுவதைப் பார்த்து நாங்கள் ஏன் அழ வேண்டும்?" நல்ல கேள்வி. இந்த மாதம் அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் எங்கள் லயத்தில் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு காம்பராவில் கூடுவோம். கைத்தொலைபேசியை அரிசி டின்னில் சாய்த்து வைப்போம். ரீலோட் காசை நாலு வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். பேச்சு சீனம், கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலம். என் அக்காவின் பேத்தி உயர்தரம் படித்தவள். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவாள், நாங்கள் கேட்டுக்கொண்டே பார்ப்போம். முன்பு கோயிலில் ஒருவர் பாரதம் வாசிக்க ஊரே உட்கார்ந்து கேட்டதே, அது போலத்தான்.

ஒரு நாள் கீழே "கல்டிவேட்டர்" என்று ஒரு சொல் வந்தது. "இவங்க எல்லாம் விவசாயிங்க" என்றாள் பேத்தி. திரையில் பார்த்தால் வெள்ளைப் பட்டு அங்கி, கையில் வாள், மேகத்துக்கு மேலே பறக்கிறார்கள். "எந்த ஊரு வெவசாயிடி இது, மம்பட்டியையே காணோமே?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சிரித்து முடிய அரை மணி நேரம் ஆனது. பிறகுதான் விளங்கியது: பயிரை அல்ல, தவம் செய்து தன் உயிர்ச்சக்தியை வளர்க்கிறவர்கள் என்று பொருள். நம் புராணத்து முனிவர்களும் சித்தர்களும் போல. தவம் முற்றினால் தெய்வமாகலாம், ஆயிரக்கணக்கான வருடம் வாழலாம். அந்தத் தெய்வங்களுக்கும் காதல் உண்டு, பொறாமை உண்டு, மாமியார் கொடுமை கூட உண்டு. அதனால்தான் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் இந்தக் கதைகள் அந்நியமாகப் படவில்லை.

இந்த மாதிரித் தொடர்களுக்கெல்லாம் பாட்டி முறை என்று சொல்லத்தக்கது 1986 இல் வெளிவந்த 'மேற்கு நோக்கிய பயணம்'. 16ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றைத் தழுவிய 25 பாகத் தொடர் அது. அதை இயக்கியவர் யாங் ஜியே என்ற பெண்மணி. பெரும்பாலும் ஒரே ஒரு கமெராவை வைத்துக்கொண்டு, வருடக்கணக்காக மலையும் ஆறும் அலைந்து எடுத்தார். புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் போகும் துறவியும், அவருக்குத் துணையாகப் போகும் மாயக் குரங்கும்தான் கதை. அந்தக் குரங்கில் நம் அனுமனின் சாயல் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எல்லவில் இராவணன் பேரில் நீர்வீழ்ச்சி வைத்திருக்கும் எங்களுக்கு அது ஆச்சரியமான செய்தி அல்ல.

அந்தத் துறவி கற்பனை ஆள் அல்ல. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவான்சாங் என்பவர். காஞ்சிபுரம் வரை வந்து, அங்கிருந்து இலங்கைக்கு வர நினைத்தார். ஆனால் காஞ்சியில் அவர் கண்டது இலங்கையில் இருந்து தப்பி வந்திருந்த பிக்குகளை. அரசன் இறந்துவிட்டான், நாட்டில் கலகமும் பஞ்சமும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர் கடல் கடக்காமலே திரும்பிவிட்டார். பாருங்கள், 1,300 வருடத்துக்கு மேலான கதையிலும் நம் நாட்டு அகதிகள் வந்துவிடுகிறார்கள்.

இனி எங்களை அதிகம் அழவைத்த தொடருக்கு வருகிறேன். 'எட்டர்னல் லவ்' என்று ஆங்கிலத்தில் பெயர். 'மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து மைல் தூரத்துப் பீச் மலர்கள்' என்பது சீனப் பெயரின் பொருள். 2017 ஜனவரி 30ஆம் திகதி தொடங்கிய 58 பாகத் தொடர். ஒன்பது வால் கொண்ட வெள்ளை நரிக்குலத்து இளவரசி பாய் சியென். ஒரு போருக்குப் பிறகு அவள் சக்தியும் நினைவும் இழந்து, சாதாரண மனுஷியாக ஒரு மலைக் குடிசையில் வாழ்கிறாள். அங்கே வருகிற வானுலக இளவரசன் யே ஹுவாவை மணக்கிறாள். அவன் வீட்டுக்குப் போன இடத்தில் அநியாயப் பழி சுமத்தி அவள் கண்களைப் பறிக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றதும் அவள் ஓர் உயர்ந்த மேடையில் இருந்து குதித்துவிடுகிறாள். குதித்தபோதுதான் தான் தெய்வம் என்ற நினைவு திரும்புகிறது. பட்ட வேதனை மட்டும் போகவில்லை.

அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? வைத்தியம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போய், எல்லாவற்றையும் மறக்க ஒரு கஷாயம் வாங்கிக் குடிக்கிறாள். குடித்ததும் கணவன் மறந்துபோகிறான், கண் போனது மறந்துபோகிறது, மனம் லேசாகிவிடுகிறது. இந்த இடம் வந்ததும் எங்கள் காம்பராவில் ஒருவரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டாள்: "அது எங்க கிடைக்கும்?"

அவள் கேட்டதில் விளையாட்டு இல்லை. போரில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு எல்லோரும் எழுதிக்கொடுக்கிற மருந்து அதுதானே? "நடந்தது நடந்து போச்சு, மறந்துடு" என்று உறவினர் சொல்கிறார்கள். "பழசைக் கிளறாதே" என்று அயலவர் சொல்கிறார்கள். "முன்னோக்கிப் பாருங்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். சீனர்களின் பழைய நம்பிக்கையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பாதாள உலகத்தில் ஒரு பாலத்தடியில் மெங் என்ற கிழவி சூப் காய்ச்சிக்கொண்டு இருப்பாளாம். அதைக் குடித்து இந்தப் பிறவியை மறந்தால்தான் அடுத்த பிறவிக்குப் போகலாமாம். எங்களுக்கோ இந்தப் பிறவியிலேயே அந்தச் சூப்பைக் கோப்பையில் ஊற்றி நீட்டுகிறார்கள்.

ஆனால் தொடரை மேலே பார்த்தால் ஒன்று தெரிகிறது. கஷாயத்தைக் குடித்தவள் தாய். அதற்கு விலை கொடுத்தது பிள்ளை. ஆ லி என்ற அந்தச் சின்னப் பையன் 300 வருடம் தாய் இல்லாமல் வளர்கிறான். (தெய்வக் குழந்தைகள் மெதுவாகத்தான் வளரும்.) கண்ணில் வெள்ளைத் துணி கட்டிய ஓவியம் ஒன்றுதான் அவனுக்குத் தாய். பின்பு ஒரு நாள் அவளை நேரில் கண்டு "அம்மா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறான். அவளுக்கோ அவன் யாரோ ஒரு பிள்ளை. கண் பறித்த காட்சிக்கு அழாதவர்களும் அந்த இடத்தில் அழுதார்கள். நானும் அழுதேன்.

நம் வீடுகளில் இது நடக்கவில்லையா? படத்தில் இருப்பது யார் என்று பிள்ளை கேட்கிறது. "போய் விளையாடு" என்கிறோம். அப்பா எங்கே என்று கேட்கிறது. "வெளிநாட்டில்" என்கிறோம். சொல்லாமல் விட்டால் நோகாது என்று நினைக்கிறோம். பிள்ளை நோகாமல் இல்லை. காரணம் தெரியாமல் நோகிறது, அவ்வளவுதான்.

அதே தொடரில் காத்திருத்தலும் உண்டு. பாய் சியெனின் குரு மோ யுவான் போரில் உயிர்விடுகிறார். திரும்பி வருவேன், காத்திரு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் அவர் உடலை ஒரு குகையில் வைத்து, தன் இதய இரத்தத்தை ஊட்டி, 70,000 வருடம் கெடாமல் காக்கிறாள். இதைக் கதை என்று தள்ளிவிட எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தொடர் சீனாவில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்தார்கள். நாலு நாளில் வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். வருடங்கள் ஓடின. பிள்ளையைக் காணாமலே கண்மூடிய தாய்மாரும் பெற்றோரும் பலர். பாய் சியெனுக்குக் காப்பதற்கு ஓர் உடல் இருந்தது. இவர்களுக்கு ஒரு படம்தான் இருந்தது.

என் அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். அப்படி எத்தனையோ மலையகக் குடும்பங்கள் போயின. பாதுகாப்புத் தேடிப் போன இடத்தில்தான் போர் எங்களைப் பிடித்தது. 2009 ஏப்ரலில்தான் என் தம்பியைக் கடைசியாகக் கண்டேன். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். என்னைப் போல இருப்பவர்களுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழில் கையெழுத்து வைக்க மனம் வராத பெண்களுக்கு, பிள்ளையின் காரியம், காணி, வங்கிக் காரியம் பார்க்க அது உதவும். உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

உடல் கிடைக்காத துயரம் போரில் மட்டும் வருவதல்ல. எங்கள் மாவட்டத்திலேயே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போன எல்லோரும் திரும்பக் கிடைக்கவில்லை. அங்குள்ள பெண்களுக்கு இந்தக் காத்திருத்தலைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

சீனாக்காரன் கதையை விடுங்கள், நம் காமன்கூத்தில் இருப்பதும் இதுதானே என்று எங்கள் பெரியம்மா ஒரு நாள் சொன்னார். உண்மைதான். மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு அதிரும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து போவான். ரதி வேடம் கட்டுவது ஆண்பிள்ளைதான், ஆனாலும் அவன் புலம்பும்போது லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டு இழவையெல்லாம் நினைத்து அழுவார்கள். பிறகு ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை எழுப்புவார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், வேறு யாருக்கும் தெரிய மாட்டான். சின்ன வயதில் இதைக் கேட்டு, இது என்ன வரம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது விளங்குகிறது. என் தம்பி எனக்குத் தெரிகிறான். சந்தியில் நிற்கிற பையன்களில் தெரிகிறான், பேத்தி தலை சாய்த்துச் சிரிக்கும்போது தெரிகிறான். மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக நான் பார்க்காமல் இருக்க வேண்டுமா?

இன்னொரு தொடர் 'தி அன்டேம்ட்'. 2019 இல் வந்தது, 50 பாகம். வென் என்ற குலம் மற்றவர்களை அடக்கி ஆள்கிறது. மற்றக் குலங்கள் சேர்ந்து போர் செய்து அதை அழிக்கின்றன. வழக்கமான கதையாக இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். இது போர் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று காட்டுகிறது. தோற்ற குலத்தில் மிஞ்சியவர்கள் கிழவர்கள், பெண்கள், நோயாளிகள், ஒரு சின்னக் குழந்தை. சண்டையில் பங்கே இல்லாதவர்கள். வென் என்ற பெயர் இருப்பதே குற்றமாகி, அவர்களை முகாமில் அடைத்து வேலை வாங்குகிறார்கள். வென்ற பக்கத்தைச் சேர்ந்த வேய் வூசியென் என்ற இளைஞன் அதைப் பொறுக்க முடியாமல் அவர்களை மீட்டுப் போகிறான். அவனும் துரோகி ஆகிறான்.

பதுளை மாவட்டத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கும்போது பிந்துனுவெவ நினைவுக்கு வராமல் இருக்காது. பண்டாரவளைக்குப் பக்கத்தில், புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். மேன்முறையீட்டில் எஞ்சியிருந்த எதிரிகளையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தொடரில் 16 வருடம் கழித்தாவது உண்மை சபையில் வெளிவருகிறது. 2009 இலிருந்து எண்ணினால் எங்களுக்கு 2025 உடன் அந்த 16 வருடமும் முடிந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தச் சபைக் காட்சி அல்ல. மிஞ்சிய வென் குடும்பங்கள் பிணங்கள் புதைந்த ஒரு மேட்டில் குடியேறி முள்ளங்கி பயிரிடுகிறார்கள். வாள் தூக்கிப் பறந்த வேய் வூசியென் அங்கே மண் கொத்துகிறான். "இப்பதான் நிஜமான கல்டிவேட்டர்" என்றார் பெரியம்மா. ஆ யுவான் என்ற அந்தக் குழந்தையை அவன் விளையாட்டாக மண்ணில் இடுப்பளவு நட்டு வைத்து, தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் வளர்வாய் என்று சொல்லிச் சிரிக்கிறான். 2009 இல் மனிக் பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் ஓர் அம்மாயி சருவச்சட்டி அளவு இடத்தில் கீரை விதைத்து வைத்திருந்தார். பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். இதைச் சொன்னால் வெளியில் உள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். அந்தத் தொடரை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

அந்த ஆ யுவானும் மறந்துபோகிறான். குடியிருப்பு அழிக்கப்பட்டபோது காய்ச்சலில் கிடந்த குழந்தை எல்லாவற்றையும் மறந்து, வேறு குலத்தில் வேறு பெயரில் நல்ல பிள்ளையாக வளர்கிறான். ஆனால் தான் யார் என்பது அவனுக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. வாலிபனான பிறகு, மிஞ்சியிருக்கும் ஒரே சொந்தக்காரனைக் கண்டு கட்டிக்கொண்டு அழுகிறான். கஷாயம் குடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் மறதி நிலைப்பதில்லை. இந்தத் தொடர்கள் எல்லாம் ஒருமித்துச் சொல்வது அதைத்தான்.

இரசிகை என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். இரண்டு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஒன்று, இந்தக் கதைகளில் தெய்வங்கள் பூமிக்கு வந்து துன்பப்பட்டால்தான் பதவி உயரும். துன்பம் அங்கே ஒரு பரீட்சை. எங்களுக்கும் அப்படிச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்: "கடவுள் சோதிக்கிறார், நீங்கள் பொன்னாக வருவீர்கள்." நாங்கள் பட்டது யாருடைய பரீட்சையும் அல்ல. அது மனிதர் மனிதருக்குச் செய்தது. அதனால் எங்களில் ஒருவருக்கும் பதவி உயரவில்லை.

இரண்டாவது, வில்லி. பாய் சியெனின் கண்ணைப் பறித்த சு ஜின் என்பவளை எல்லோரும் திட்டுகிறோம். அவள் யார்? அவள் குலம் முழுவதும் வானுலகத்துக்காகப் போர் செய்து அழிந்தது. மிஞ்சிய ஒரே குழந்தை அவள். அரண்மனையில் பட்டம் கொடுத்து வளர்த்தார்கள், ஆனால் மடியில் வைத்து வளர்த்ததாகத் தெரியவில்லை. யே ஹுவாவைப் பிடித்துக்கொண்டால்தான் தனக்கு ஓர் இடம் என்று நினைத்து அவள் கெட்டுப்போகிறாள். செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் போரில் அநாதையான ஒரு பெண்பிள்ளையை வில்லியாக்கி, தண்டித்து, கதை நிம்மதியாக முடிந்துவிடுகிறது. நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் வளர்ந்த பிள்ளைகளில் முரடு, பொய், பிடிவாதம் உள்ளவர்களைப் பார்க்கும்போது நான் சு ஜினை நினைத்துக்கொள்கிறேன்.

வவுனியாச் சகோதரிக்கு என் பதில் இதுதான். நம் சொந்தத் துயரத்துக்கு நாலு பேர் முன்னால் அழ நமக்கு இடம் இல்லை. பாய் சியெனுக்காக அழலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அழுது முடிந்து சாயத்தண்ணி குடிக்கும்போது ஒருத்தி தன் கதையைத் தொடங்குவாள். எங்கள் லயத்தில் அப்படித்தான் நடந்தது. "அது எங்க கிடைக்கும்" என்று கேட்ட சகோதரி மூன்று வாரம் கழித்து, தன் மூத்த பிள்ளையின் பெயரை எங்கள் முன்னால் முதன்முதலாகச் சொன்னாள்.

பார்க்கிறவர்களுக்குச் சில யோசனைகள். தனியாக இரவு விழித்துப் பார்க்க வேண்டாம், கூடிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாகம் போதும், ரீலோட் காசுக்குக் கடன் வாங்காதீர்கள். சண்டைக் காட்சி பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அது பல நாள் நீடித்தால் உளவளத்துணையாளர் ஒருவரைச் சந்தியுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று. இந்த மாதம் வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி, தாங்கக்கூடிய அளவு மட்டும் சொல்லுங்கள்: இது உன் மாமா, மாம்பழம் என்றால் உயிர், விசில் அடிப்பதில் கெட்டிக்காரன். செத்த விதத்தைச் சொல்லத் தேவையில்லை, இருந்த விதத்தைச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தொடங்கியவர்கள் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.